வேடத்துக்கு நிற லென்ஸ்: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

வன்னியின் ஒப்பனைப் பெட்டிக்குள் புதிய பொருள் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. முத்துவெள்ளையும் செந்தூரமும் கண்மையும் போதுமாக இருந்த இடத்தில் இப்போது சிறிய குப்பியில் மிதக்கும் சிவப்பு, நீலம், வெள்ளை, பூனைக்கண் லென்ஸ்களையும் கேட்கிறார்கள். பாடசாலை நாடகத்தில் பேய்க்கு வெள்ளைக் கண் வேண்டும், குறும்படத்தில் வில்லனுக்குச் சிவப்புக் கண் வேண்டும், மணப்பெண்ணுக்குச் சாம்பல் நிறக் கண் வேண்டும். இவற்றை ஒப்பனைக்காரரிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் மட்டுமே கேட்கிறார்கள். இந்த அத்தியாயம் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வியில் தொடங்குகிறது: அந்த வேடத்துக்கு லென்ஸ் தேவைதானா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிற லென்ஸ் கமராவுக்கு உரியது, கூத்துக் களரிக்கும் திறந்தவெளி மேடைக்கும் உரியதல்ல. கமராவுக்காக அணியும்போதும் அது உடுப்போடு சேர்ந்த அலங்காரப் பொருள் அல்ல. கண்ணை அளந்து பார்த்து, அந்தக் கண்ணுக்கென்று எடுக்கவேண்டிய மருத்துவ சாதனம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். வளர்ந்த ஒருவரின் கருவிழி வட்டம் குறுக்காக ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். ஆள் உயரமாக இருந்தாலும் முகம் அகலமாக இருந்தாலும் இந்த அளவு அதிகம் மாறுவதில்லை. அதிலும் உச்சிப் பகுதியை மேலிமை மறைத்துக்கொள்ளும். கண் பரிசோதனை அட்டையில் நல்ல பார்வை உள்ளவர் வாசிக்கும் 6/6 வரியின் எழுத்தை 10 மீற்றர் தொலைவுக்கு ஏற்றபடி பெருப்பித்தால் அதன் உயரம் 14.5 மில்லிமீற்றர் வரும். ஆக, களரியிலிருந்து 10 மீற்றர் தள்ளிப் பாயில் இருப்பவருக்கு நடிகரின் கருவிழி அந்தச் சிறிய எழுத்தைவிடவும் சிறியது. நடிகர் ஆடிக்கொண்டிருப்பார், தலை அசையும், இமை மூடித் திறக்கும், கோயில் வீதியின் மின்குமிழ் மேலிருந்து அடித்துப் புருவத்தின் நிழலைக் கண்ணில் போடும். இந்த நிலையில் கடும் சிவப்பு லென்ஸுக்கும் பிறவியிலேயே உள்ள கபிலக் கண்ணுக்கும் வேறுபாடு காண்பது நல்ல பார்வை உள்ளவருக்கே கடினம். முன்வரிசைச் சிறுவர்கள் சிலர் காண்பார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் கூட்டத்துக்கு, பணமும் ஆபத்தும் செலவழித்து வைத்த நிறம் போய்ச் சேராது.

வெள்ளை லென்ஸ் தூரத்துக்கும் தெரியுமே என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அது உண்மைதான். கருவிழி முழுவதும் வெளுத்துவிட்டால் கண் வெறுமையாகத் தோன்றும், அந்த வெறுமை நிறத்தைவிடக் கொஞ்சம் தூரம் போகும். ஆனால் அப்படித் தெரியவேண்டுமானால் கண்மணியையும் மூடவேண்டும். கண்மணியை மூடும் லென்ஸ்களில் நுண்ணிய வலைபோல் துளையிட்டு, அதனூடாகப் பார்க்கச் சொல்கிறார்கள். பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோன்ற பார்வைதான் கிடைக்கும். இரவு மேடையில், ஓரத்தில் தடுப்பு இல்லாத பலகைத் தட்டில், பக்கத்தில் தீப்பந்தம் எரிய, அரைக் குருடாக ஆடுவதென்றால் நடிகர் தன் உடம்பையும் மற்றவர்களின் உடம்பையும் பணயம் வைக்கிறார். அதாவது, தூரத்துக்குத் தெரியும் லென்ஸே பார்வையை அதிகம் பறிக்கும் லென்ஸ். பார்வையை விட்டுவைக்கும் லென்ஸ் தூரத்துக்குத் தெரியாது.

நம்முடைய கூத்து மரபு இந்தக் கணக்கை நடைமுறையில் அறிந்திருந்தது. முல்லைத்தீவின் கோவலன் கூத்திலும், வன்னி எங்கும் நேர்த்திக்காக ஆடப்படும் காத்தவராயன் கூத்திலும் கண்ணைப் பெரிதாக்குவது கருவிழியில் அல்ல, அதைச் சுற்றியுள்ள தோலில்தான் நடக்கிறது. புருவத்தை மேலே தூக்கி எழுதி, கடைக்கண்ணை மையால் நீட்டி, இமைமேல் நிறம் பூசினால் 12 மில்லிமீற்றர் கருவிழிக்குப் பதிலாக விரல் நீளத்துக்கு ஒரு கண் உண்டாகிவிடும். கண்ணகியின் கோபத்தைப் பாட்டும் தாளக்கட்டும் கழுத்தின் திருப்பமும் கொண்டுபோகின்றன. கதகளி நடிகர்கள் கண்ணைச் சிவக்கச் செய்யும்போதும் கருவிழியைத் தொடுவதில்லை. சுண்டப்பூவின் சூலகத்தை உருட்டிப் பதப்படுத்திக் கீழிமைக்குள் வைத்து வெண்விழியைத்தான் சிவக்கச் செய்கிறார்கள். முகத்தின் பச்சைப் பூச்சுக்கு எதிரே சிவப்பு எடுத்துத் தெரிவதற்கு அதுவே போதுமாக இருக்கிறது. (அந்த முறையை இங்கே யாரும் பரீட்சித்துப் பார்க்கவேண்டாம். பழகிய கை இல்லாமல் கண்ணுக்குள் எந்தத் தாவரப் பொருளையும் வைப்பது ஆபத்து.) வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையில் மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் ஒரு கிழவி தலை பார்க்கச் சொல்கிறாள். அவர்கள் அவள் தலையெங்கும் கண்களைக் காண்கிறார்கள். இதை மேடையேற்றும் பாடசாலைக் குழு கிழவியின் இரண்டு கண்ணுக்கும் வெள்ளை லென்ஸ் தேடுவதைவிட, தலைத்துணியில் பெரிய கண்களை வரைந்து, சிறுவர்கள் அதைக் கண்டு பின்வாங்கும் அசைவைப் பழக்குவது எவ்வளவோ மேல்.

பண்டாரவன்னியன் நாடகத்திலும் இதே ஆசை எழுவதுண்டு. 1803இல் வன்னிப் படையை எதிர்கொண்ட வொன் டிறிபேர்க் என்ற வெள்ளை அதிகாரியாக நடிப்பவருக்கு நீலக் கண் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சபை அவரை வெள்ளை அதிகாரி என்று அறிவது சிவப்பு மேலங்கியாலும், நிமிர்ந்த நடையாலும், தமிழை உச்சரிக்கும் விதத்தாலும். நீலம் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் ஆசிரியர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: நடுவர்களும் மேடைக்கு முன்னால் தள்ளி மேசை போட்டுத்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கண்ணின் நிறம் தெரியாது. பாடசாலைப் பிள்ளையின் கண்ணில் லென்ஸ் வைப்பதற்கு நாடகக் காரணம் எதுவும் இல்லை.

கமரா வந்தவுடன் கணக்கு மாறுகிறது. கைப்பேசித் திரையை ஒரு கண் முழுவதும் நிறைக்கும் காட்சியில் கருவிழியின் கோடுகள்கூடத் தெரியும். குறும்படத்தில் வேற்றுலக மனிதனோ, பாம்புருக் கொண்டவனோ, கண் வெளுத்த முதியவரோ வரும்போது லென்ஸுக்கு நியாயமான இடம் உண்டு. தசாவதாரம் (2008) போன்ற படங்களில் ஒரே நடிகர் பல ஆட்களாக மாறுவதற்குக் கண் நிறமும் உதவியது. அங்கேயும் மாற்று வழி இல்லாமல் இல்லை. அசையாத முகத்தின் அண்மைக் காட்சியில் கண்ணின் நிறத்தைக் காணொளித் தொகுப்பு மென்பொருளில் மாற்றலாம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களுக்கும் அந்த வசதி உண்டு. பார்வையற்றவராக நடிப்பதற்கு வெள்ளைக் கண் கட்டாயம் என்பதும் தவறான எண்ணம். காசி (2001) படத்தில் விக்ரம் கண்ணை மேலே செருகிப் பிடித்தே அந்தப் பாத்திரத்தைச் செய்தார். அதுவும் கண்ணை வருத்தும் வேலை, மணிக்கணக்கில் செய்யத் தக்கதல்ல. எனினும் பார்வையின்மை நிறத்தில் அல்ல, பார்வை எங்கும் பதியாமல் இருப்பதில் தெரிகிறது என்பதற்கு அது நல்ல சான்று. இத்தனை வழிகளையும் பார்த்த பிறகும் லென்ஸ்தான் வேண்டும் என்று முடிவானால், இனி வருவது உங்களுக்கானது.

கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலத்தை விழிவெண்படலம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். நடுவில் அதன் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவுதான். ஒளி தடையில்லாமல் போகவேண்டும் என்பதால் அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. கண் திறந்திருக்கும்போது அதற்கு வேண்டிய ஒட்சிசன் நேரே காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் வருகிறது. லென்ஸ் வைப்பதென்றால் அந்த மூச்சு வழியின்மேல் ஒரு மூடியை வைப்பது என்று பொருள். நல்ல லென்ஸ் ஒட்சிசனை ஊடுருவ விடும், கண் இமைக்கும்போது மெல்ல நகர்ந்து புதிய கண்ணீரை உள்ளே எடுக்கும். நிறப்பூச்சு ஏறிய மலிவான லென்ஸ்கள் பெரும்பாலும் பழைய வகைப் பொருளால் ஆனவை, ஒட்சிசனைக் குறைவாகவே விடுகின்றன. வெண்விழியையும் சேர்த்து மூடும் 22 மில்லிமீற்றர் பெரிய லென்ஸ்கள் இன்னும் இறுக்கமானவை. இன்னொரு சிக்கல் வளைவு. விழிவெண்படலத்தின் வளைவு ஆளுக்கு ஆள் வேறு. பொதியில் 8.6 என்று அடித்திருப்பது லென்ஸின் உள்வளைவு. அது உங்கள் கண்ணுக்குத் தட்டையாக இருந்தால் லென்ஸ் வழுக்கி ஓரம் உரசும், செங்குத்தாக இருந்தால் உறிஞ்சிப் பிடித்ததுபோல் அசையாமல் நிற்கும். இரண்டும் மேற்தோலைக் காயப்படுத்தும். எல்லோருக்கும் ஒரே அளவு என்று எழுதியிருக்கும் லென்ஸ் யாருடைய கண்ணையும் பார்த்துச் செய்யப்பட்டதல்ல.

ஆயிரக்கணக்கானோர் அணிகிறார்களே, ஒன்றும் நடக்கவில்லையே என்பது அடிக்கடி வரும் மறுப்பு. அதற்கு நேர்மையான பதில் எண்களில்தான் இருக்கிறது. பார்வைக் குறைக்காக, மருத்துவ ஆலோசனையோடு, பகலில் மட்டும் மென் லென்ஸ் அணிபவர்களிடையே விழிவெண்படலத் தொற்று ஆண்டுக்கு 10,000 பேரில் ஏறத்தாழ நால்வருக்கு வந்தது என்று 1989இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு கண்டது. இரவிலும் அணிந்தவர்களிடம் அது 20 பேர் அளவுக்கு ஏறியது. ஆக, ஒழுங்காக அணிந்தால் ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் அழகுக்காக அணியும் லென்ஸைப் பற்றி 2011இல் பிரான்சிலிருந்து வெளிவந்த ஆய்வு, அதை அணிவோரிடம் தொற்றின் வாய்ப்பு பார்வைத் திருத்த லென்ஸ் அணிவோரைவிட 16 மடங்குக்கும் மேல் என்று கண்டது. லென்ஸ் என்ற பொருள் மட்டும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்க முடியாது. கண்ணை அளக்காமல் வாங்கியதும், எப்படிக் கழுவுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்காததும், அணியக்கூடாத நேரத்தில் அணிந்ததும் அதில் சேர்ந்திருக்கின்றன. அலங்கார லென்ஸ் அணிபவர் தன்னை நோயாளி என்று எண்ணுவதில்லை, ஆகையால் நோயாளிக்குச் சொல்லப்படும் எதுவும் அவர் காதுக்குப் போவதில்லை. ஒரு நாள்தானே என்ற பேச்சும் இங்கே எடுபடாது. பழகாத கையின் நகம் கண்ணில் படுவது அந்த முதல் நாளில்தான். தொற்றுக்கு வாசல் திறக்க ஒரு கீறல் போதும்.

வன்னியில் இந்த ஆபத்தைக் கூடுதலாக எண்ணிப் பார்க்கவேண்டிய காரணங்கள் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த விழிவெண்படலப் புண் நோயாளிகளைப் பற்றி 1997இல் வெளியான ஆய்வில், கிருமி வளர்ந்த புண்களில் ஏறக்குறையப் பாதி பூஞ்சையால் வந்தவை. அந்தப் பூஞ்சைகளில் முன்னின்றது ஃபியூசாரியம். நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் முன்பே சிறு காயம் பட்டிருந்தது. வயலும் வைக்கோலும் மண்ணும் வெப்பமும் உள்ள இடத்தின் நோய் அது. நெல் வெட்டும் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் அந்தச் சூழல் அந்நியமானதல்ல. வற்றாப்பளைப் பொங்கல் வரும் வைகாசியில் மழை ஓய்ந்து சோளகக் காற்று புழுதியை எடுத்து வீசும். கோயில் வீதியில் கற்பூரப் புகை, சாம்பிராணி, ஆட்டத்தில் கிளம்பும் மண். லென்ஸுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினால் இமைக்கும் ஒவ்வொரு முறையும் அது படலத்தை அறுக்கும். அடுத்தது தண்ணீர். கிணறு, குளம், குழாய்க்கிணறு, தண்ணீர்த் தாங்கி என்று எந்த நீரிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் வாழக்கூடும். குடிக்கும் நீரில் அது வயிற்றுக்குத் தீங்கு செய்வதில்லை. லென்ஸோடு ஒட்டிக் கண்ணுக்குள் போனால் மாதக்கணக்கில் மருந்து போட்டும் தீராத கடும் வலியுள்ள நோயை உண்டாக்கும். அதன் உறைக்குள் அடங்கிய நிலை குளோரினுக்கும் தாக்குப்பிடிக்கும். ஆகவே கொதித்தாறிய நீராக இருந்தாலும், கடையில் வாங்கிய போத்தல் நீராக இருந்தாலும் லென்ஸில் தண்ணீர் படக்கூடாது.

வைத்தியர்களே நிற லென்ஸ் கொடுக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி, வன்னிக்கு மிகவும் நெருக்கமான கேள்வியும்கூட. போரில் எறிகணைச் சிதறல் பட்டுக் கண் வெளுத்தவர்கள், விழிவெண்படலத்தில் தழும்பு விழுந்தவர்கள் இங்கே பலர். அத்தகைய கண்ணுக்கு மேல், மற்றக் கண்ணின் நிறத்துக்கு இணையாக வரைந்த லென்ஸை அணிவித்துத் தழும்பை மறைக்கும் சிகிச்சை முறை உலகெங்கும் இருக்கிறது. சுருங்கிப்போன கண்ணுக்குமேல் பொருத்தும் ஓடுபோன்ற வில்லையும் உண்டு. முகத்தை நிமிர்த்தி நாலு பேரோடு கதைக்கும் துணிவை அது மீட்டுக் கொடுக்கிறது. வேடத்துக்கு வாங்கும் லென்ஸும் இதுவும் தொழில்நுட்பத்தில் உறவுக்காரர்தான். வேறுபாடு பின்னால் நடக்கும் வேலையில் இருக்கிறது. அங்கே கண்ணை அளந்து, நுணுக்குக் கருவியில் லென்ஸின் அசைவைப் பார்த்து, அணியும் நேரத்தைக் குறித்து, திரும்ப வரும் திகதியும் கொடுக்கிறார்கள். காயப்பட்ட கண்ணுக்கே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், முழுப் பார்வையுள்ள கண்ணுக்கு அது குறைவாக இருப்பதில் நியாயம் இல்லை. ஒரு கண் மட்டுமே தெரிபவர் அந்தத் தெரியும் கண்ணில் அலங்கார லென்ஸ் எக்காரணத்துக்கும் வைக்கக்கூடாது. இதற்கு விதிவிலக்குக் கிடையாது.

இனி வாங்குவது. அமெரிக்கா 2005இல் சட்டம் இயற்றி, பார்வைத் திருத்தம் இல்லாத அலங்கார லென்ஸையும் மருத்துவ சாதனம் என்றே வகுத்தது. மருந்துச்சீட்டு இல்லாமல் அங்கே விற்க முடியாது. இலங்கையில் மருத்துவ சாதனங்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் இருக்கிறது. முகநூல் விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் பொதியிலும், வெளிநாட்டு உறவினர் அன்போடு கொண்டுவரும் பொதியிலும் இந்தப் பாதுகாப்பு எதுவும் தானாக வந்துவிடாது. முதலில் கண் வைத்தியரிடமோ, லென்ஸ் பொருத்தத் தகுதி பெற்றவர் உள்ள மூக்குக்கண்ணாடி நிலையத்திலோ கண்ணைக் காட்டுங்கள். உள்வளைவு, குறுக்களவு, வலு மூன்றையும் எழுதி வாங்குங்கள். கண்ணாடி போடாதவருக்கும் இந்த மூன்றும் வேண்டும், வலு மட்டும் பூச்சியமாக இருக்கும். பொதியில் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதித் திகதி, நீரளவு இருக்கவேண்டும். மூடி உடைந்த குப்பி, திகதி சுரண்டிய குப்பி, நீர் கலங்கிய குப்பி என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். ஒருநாள் அணிந்து எறியும் வகையில் தேவையான நிறம் கிடைக்குமானால் அதையே எடுங்கள், கழுவுதலில் வரும் தவறுகள் அத்தனையும் அதோடு போய்விடும். உடுப்பும் கிரீடமும் வாடகைக்கு எடுப்பதுபோல் லென்ஸை வாடகைக்கு எடுக்கக்கூடாது. ஒரு காட்சியில் ஒருவரும் அடுத்த காட்சியில் இன்னொருவரும் மாற்றி அணிவது, இடையில் கழுவினாலும், ஒருவர் கண்ணின் கிருமியை மற்றவருக்கு ஊட்டுவதுதான். இவ்வளவுக்கும் செலவாகும், யாழ்ப்பாணம் வரையும் போகவேண்டி வரலாம் என்பது உண்மை. அந்தச் செலவுக்கு வரவுசெலவில் இடமில்லாத குறும்படம் கதையில் அந்தக் கண்ணை வேறு விதமாகக் காட்டட்டும்.

சிலருக்கு லென்ஸே ஆகாது. கண் உலர்ந்து எரிபவர்கள், ஒவ்வாமையால் அடிக்கடி கண் கடிப்பவர்கள், கண்நோய் வந்து முழுதாக ஆறாதவர்கள், அண்மையில் கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளவர்கள் விலகியிருக்கவேண்டும். வெயிலிலும் காற்றிலும் வேலை செய்யும் கமக்காரர், கடற்றொழிலாளர் பலருக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருக்கும். லென்ஸின் ஓரம் அதன்மேல் ஏறி உரசும், அவர்களும் விலகுவது நல்லது.

அணிவதற்கு முன் சில நாள் பழக்கம் வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் வீட்டில் அணிந்து, கழற்றிக் கண்ணாடியில் கண்ணைப் பாருங்கள். சிவப்பு இல்லையென்றால் அடுத்தடுத்த நாளில் கூட்டலாம். படப்பிடிப்பு நாளிலும் நான்கு மணி நேரத்தைத் தாண்டவேண்டாம் என்பதே என் பரிந்துரை. இயக்குநர் முதலில் அண்மைக் காட்சிகளை எடுத்துவிட்டு லென்ஸைக் கழற்ற விடவேண்டும். தூரக் காட்சிக்கு அது தேவையில்லை என்பதை மேலே பார்த்தோம். வாசனை இல்லாத சவர்க்காரத்தால் கையைக் கழுவி, நூல் உதிராத துணியால் நன்றாகத் துடைத்து, உலர்ந்த விரலால்தான் லென்ஸைத் தொடவேண்டும். விரல் நுனியில் அது கிண்ணம்போல் நிற்கவேண்டும், விளிம்பு வெளியே விரிந்தால் உள்பக்கம் வெளியாகிவிட்டது என்று அர்த்தம். முகத்துக்குப் பூச்சுப் போடுவதற்கு முன்னரே லென்ஸை வைத்துவிடுங்கள். பவுடர் அடிக்கும்போதும் தலைமுடிக்குத் தெளிக்கும்போதும் கண்ணை இறுக மூடுங்கள், இமையின் உள்விளிம்பில் மை தீட்டவேண்டாம், மினுக்கத் தூளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோகவேண்டாம். லென்ஸின் நடுவில் விட்டிருக்கும் தெளிந்த வட்டம் பெரும்பாலும் 5 மில்லிமீற்றருக்கு அண்மையாக இருக்கும். இருட்டில் இளம் வயதினரின் கண்மணி அதைவிடப் பெரிதாக விரியும், அப்போது நிறப்பகுதி பார்வைக்குள் வந்து ஓரம் மங்கும், விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். அதனால் லென்ஸோடு மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது, நெருப்போ வாளோ உள்ள காட்சியை லென்ஸ் இல்லாமல் ஒத்திகை பார்த்து, படிகளிலும் மேடை ஓரத்திலும் கைபிடிக்க ஒருவர் நிற்கவேண்டும். விடியும்வரை ஆடும் கூத்தில் தன் காட்சி வரும்வரை ஒப்பனைக் கொட்டிலில் கண்ணயர்வது வழமை. லென்ஸோடு உறங்கினால் தொற்றின் வாய்ப்பு ஆறு முதல் எட்டு மடங்கு கூடும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. பத்து நிமிடத் தூக்கமும் தூக்கம்தான்.

கழற்றும்போது ஒழுங்கு தலைகீழ்: முதலில் லென்ஸ், பிறகுதான் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரம் துடைப்பது. எண்ணெய்க் கையோடு லென்ஸைத் தொட்டால் அது பாழ். லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடும் என்று பயந்து அவசரப்பட்டுக் கிள்ளவேண்டாம். இமைக்கும் விழிக்கும் இடையிலான மென்தோல் மடிந்து மூடிய பைபோல் இருப்பதால் பின்னால் போக வழியே இல்லை. மேலிமைக்குள் மடிந்து நிற்கும், லென்ஸுக்கான ஈரத்துளி விட்டுக் காத்திருந்தால் இறங்கி வரும். திரும்ப அணியும் வகையென்றால் அதற்குரிய திரவத்தில் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் கழுவி, புதிய திரவத்தில் ஊறவைக்கவேண்டும். ஆஸ்பத்திரிச் சேலைன் கிருமியைக் கொல்லாது, எச்சில் கிருமியைச் சேர்க்கும். பெட்டியில் கிடக்கும் பழைய திரவத்தின்மேல் புதியதை ஊற்றி நிரப்பவும் கூடாது. 2006இல் சிங்கப்பூர், ஹொங்கொங், அமெரிக்கா எனப் பல இடங்களில் ஃபியூசாரியம் தொற்றுப் பரவி, ரீனியூ மொய்ஸ்ச்சர்லொக் என்ற திரவம் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, இப்படி மேல்நிரப்பும் பழக்கமும் ஆய்வாளர்கள் கண்ட காரணங்களில் ஒன்று. லென்ஸ் பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடுத்த வருடத் திருவிழாவுக்கென்று பழைய லென்ஸை எடுத்து வைக்காதீர்கள்.

வலி, சிவப்பு, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், மங்கல் ஆகிய நான்கில் எது வந்தாலும் அந்தக் கணமே லென்ஸைக் கழற்றுங்கள். காட்சி பாதியில் நின்றாலும் பரவாயில்லை. 2024 யூலையில் டில்லியில் ஒரு நிகழ்ச்சிக்கு லென்ஸ் அணிந்த ஹிந்தி நடிகை ஜஸ்மின் பாசினுக்கு வலி தொடங்கியது. நிகழ்ச்சியை முடித்துவிட்டே வைத்தியரிடம் போனதாக அவரே சொன்னார். அதற்குள் பார்வை மறைந்து, விழிவெண்படலம் சேதமாகியிருந்தது. புகழும் வசதியும் வைத்தியரும் பக்கத்தில் உள்ளவருக்கே அப்படி. சூடோமொனாசு போன்ற கிருமி ஓரிரு நாளில் படலத்தைக் கரைத்துவிடும், காலையில் பார்ப்போம் என்று ஒரு இரவைக் கடத்துவது பெரிய இழப்பாக முடியலாம். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் விடவேண்டாம், கண்ணைக் கட்டி மூடவும் வேண்டாம். மருந்துக் கடையில் சிவப்புக்கென்று கேட்டு வாங்கும் துளிமருந்தில் ஸ்டீரொயிட் இருந்தால் சிவப்புக் குறையும், பூஞ்சை உள்ளே வளரும். நேரே கிளிநொச்சி, வவுனியா அல்லது மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், லென்ஸ் அணிந்திருந்தேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியர் சாதாரணக் கண்நோய் என்று எண்ண இடமுண்டு. கழற்றிய லென்ஸையும் அதன் பெட்டியையும் திரவப் போத்தலையும் எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். கண்ணில் எடுத்த மாதிரியில் கிருமி வளராதபோது, பெட்டியில் வளர்ந்த கிருமி எந்த மருந்து வேண்டும் என்று காட்டிக்கொடுக்கக்கூடும்.